ஒபதியாவும் ஐந்து கட்டையும்

போன மாதம் ஒலிக் காப்பகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அங்கிருந்து வழக்கமாக வருவது கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டும்தான். இந்த முறை எழுதியிருந்தவள் ஹேலி, நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள். ஒபதியாவின் திருத்திய பதிவை வலைத்தளத்தில் போட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் கொதித்துப்போய் எழுதுகிறார்களாம். காப்பகம் வேண்டுமென்றே அந்த மனுசனை மெதுவாக்கிவிட்டதாம், அவருடைய நெருப்பை அணைத்துவிட்டதாம். "உண்மையில் நடந்தது என்ன என்று ஒரு பக்கம் எழுதித் தருவீர்களா, சிவா?" என்று கேட்டிருந்தாள்.

எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில், பத்து வரி. "பதிவுத் தாளில் இருந்த ஓர் எண் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டதால் ஏற்பட்ட பிழை" என்று கந்தோர் பாஷையில், யார் எழுதியது, யார் பொருள்கொண்டது என்று ஒருவருக்கும் வலிக்காதபடி. ஹேலி நன்றி சொன்னாள். அவளுக்கு அதற்கு மேல் விளங்கவும் வழியில்லை. அது தமிழில் நடந்த தவறு. ஆங்கிலத்தில் எத்தனை பக்கம் எழுதினாலும் அதன் முட்டாள்தனம் முழுதாக வெளியே வராது. ஆகவே மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒபதியாவைப் பற்றி. அமெரிக்காவின் தெற்கில் ஒரு மர ஆலையில் வேலை செய்த கறுப்பினத்தவர். போத்தல் ஒன்றின் கழுத்தை உடைத்து, விளிம்பை உரசி மழுக்கி, இடது கைச் சின்ன விரலில் மாட்டிக்கொண்டு, கிட்டார்க் கம்பிகளின் மேல் வழுக்கி வழுக்கி வாசிப்பார். ப்ளூஸ் பாட்டுகள் இசைத்தட்டில் ஏறத் தொடங்கிய காலம். ஏதோ ஒரு கம்பனிக்காரர்கள் ஹோட்டல் அறையொன்றில் கருவிகளை வைத்து, வாசலில் வரிசையாக நின்றவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுப் பதிந்திருக்கிறார்கள். ஒபதியாவின் முறை வந்தது. ஒரு பாட்டுப் பாடினார். ரயில் நிலையத்தில் ஒருத்திக்காகக் காத்திருக்கிற பாட்டு. பாடிவிட்டு ஆலைக்கே திரும்பிப் போனார். வயதான காலத்தில் தேவாலயத்தில் பிரசங்கம் செய்து, கிட்டார் பிசாசின் சாமான் என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாராம். ஒரேயொரு படம் உண்டு, அதிலும் பாதி முகம் தொப்பிக்குள். வாழ்க்கை வரலாறு இவ்வளவுதான், அரைப் பக்கம். ஆனால் அவரைப் பற்றி எழுதப்பட்டவை ஓர் அலுமாரி நிறைய இருக்கும். அதில் பெரும் பகுதிக்கு நான்தான் காரணம்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். கொழும்பில் வானொலி நிலையத்தில் ஆறு வருடம் ஒலிப்பதிவு உதவியாளன். பெரும்பாலும் கர்நாடக சங்கீத நிகழ்ச்சிகள். வித்துவான் வந்து இருந்ததும், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை கட்டை, ஐயா?" என்று கேட்க வேண்டும். சுருதிப்பெட்டியில், ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்துக்கொள்கிறார் என்பதுதான் கேள்வி. ஆண்கள் ஒன்று, ஒன்றரை என்பார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை என்பார்கள். அதைத் தாளில் ஓர் எண்ணாகக் குறித்துவிட்டு மைக்கைச் சரிபார்க்கப் போவேன். ஆறு வருடம் இதையே செய்தால் அது அறிவிலிருந்து இறங்கிக் கைக்கு வந்துவிடும். பிறகு நாடு எங்களை இருக்க விடவில்லை. ஆக்லாந்து வந்து ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில் மூன்று வருடம் பெட்டி ஒட்டினேன். காப்பகத்தில் தற்காலிக வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது, பழைய இசைத்தட்டைத் தொட்டுப் பழகியவன் என்ற ஒரே தகுதிக்காக எடுத்தார்கள்.

எடுத்தவர் ஹாலிஸ். ஒலிப் பிரிவின் தலைவர். உயரமான வெள்ளைக்காரர், வருடம் முழுவதும் அதே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. தட்டுகள் இருக்கும் அறையில் பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். சாண்ட்விச்சை முக்கோணமாக வெட்டி, பன்னிரண்டரைக்குச் சரியாக ஜன்னலோரம் நின்று சாப்பிடுவார். கதவைத் திறந்தாலும் மூடினாலும் சத்தம் வராது. நான் எதைக் காட்டினாலும் "குட் அஸ் கோல்ட்" என்பார். என் வேலையைத் தங்கம் என்று பாராட்டுகிறார் என இரண்டு வருடம் பூரித்துப்போயிருந்தேன். பிறகு ஒருநாள் பால்காரனுக்கும் அதையே சொன்னார். இந்த ஊரில் அதற்குப் பொருள் "சரி" என்பது மட்டுமே.

அவருக்கு இரண்டு கொள்கைகள் இருந்தன. முதலாவதை வாயால் சொல்வார். "நீ நினைத்ததை எழுதாதே, செய்ததை எழுது. தாள்தான் சாட்சி." இரண்டாவதைச் சொல்லவே மாட்டார், நடத்தையில் தெரியும். ஒருவன் செய்த வேலையைப் பற்றி அவனிடமே கேள்வி கேட்பது அவருக்கு மரியாதைக் குறைவு. ஒருவன் குளிக்கிற அறைக் கதவைத் தட்டுவதைப் போல. எனக்கும் அப்படித்தான். மேலதிகாரி கேட்காமல் விளக்கம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று கொழும்பில் பழக்கியிருந்தார்கள். இப்படி ஒருவரையொருவர் மதித்துக்கொண்டு ஒன்பது வருடம் ஒரே அறையில் வேலை செய்தோம். சண்டைக்காரர்களாக இருந்திருந்தால் ஒபதியா தப்பியிருப்பார்.

அந்தத் தட்டு ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து வந்தது. ஒரு குடும்பம் தகப்பனின் கராஜைத் துப்புரவு செய்தபோது, பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. உலக யுத்தத்தின்போது ஆக்லாந்தில் முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய் யாரோ விட்டுப்போனதாம். தேடிப் பார்த்ததில் உலகத்தில் வேறு பிரதி இருப்பதாகத் தெரியவில்லை. ஹாலிஸ் அதை இரண்டு உள்ளங்கைகளின் ஓரத்தால் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு பக்கம் வெடித்துப்போயிருந்தது. மறு பக்கம் தேய்ந்திருந்தாலும் முழுதாக இருந்தது.

கழுவுவதற்கு ஒரு முழு நாள் எடுத்தோம். அந்தக் காலத்துத் தட்டுகள் அரக்கால் செய்தவை, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். ஆகவே வடித்த தண்ணீர், அதில் இரண்டு சொட்டுச் சவர்க்காரம், குழந்தைத் தலைக்குப் பாவிக்கிற மாதிரி மெல்லிய தூரிகை. பள்ளம் ஓடுகிற திசையிலேயே சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். குறுக்கே ஒரு தடவை இழுத்தாலும் போச்சு. காய்ந்த பிறகு ஊசி தேடல். பழைய கனத்த ஊசிகள் பள்ளத்தின் ஒரு மட்டத்தை உழுது நாசமாக்கியிருக்கும். அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ தொடாத சுவர் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அந்த மட்டத்தில் ஓடக்கூடிய பருமனில் ஊசி வேண்டும். ஹாலிஸிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய ஊசிகள் இருந்தன. பாட்டு முடிந்த பிறகு வருகிற வெறும் பள்ளத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு, இரைச்சலைக் கேட்டுக் கேட்டு, மூன்றாம் நாள் ஒன்றைத் தெரிந்தெடுத்தோம்.

மறுநாள் ஹாலிஸுக்குப் பல் வைத்தியரிடம் போக வேண்டியிருந்தது. "நீயே ஓட்டு, சிவா" என்றார். அவர் இல்லாமல் ஓர் அரிய தட்டை நான் தனியே ஓட்டியது அதுதான் முதல் தடவை.

பதிவு நாடாவை ஓடவிட்டு, தட்டில் ஊசியை இறக்கினேன். பொரிக்கிற சத்தம். பிறகு கம்பி ஒன்று அழுதது. நான் நிமிர்ந்து இருந்துவிட்டேன். எனக்குக் கிட்டார் தெரியாது, ப்ளூஸும் தெரியாது. என் காதில் விழுந்தது கோட்டு வாத்தியம். ஒரு சுரத்தில் தொடங்கி, இடையில் உள்ள எல்லாவற்றையும் தடவிக்கொண்டு அடுத்த சுரத்துக்குப் போய், போன இடத்தில் கொஞ்சம் நடுங்கி நிற்கிற அதே வழுக்கல். மேலே ஒரு கனத்த ஆண் குரல், அவசரமே இல்லாமல். கம்பிகளைத் திறந்த நிலையில் அவர் எதற்குச் சுருதி சேர்த்திருந்தாரோ, அது அப்படியே ஐந்து கட்டை. வெள்ளைக்காரன் பாஷையில் ஜி. மூன்று நிமிடமும் கொழும்பில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் மாதிரி இருந்தேன். கண் கலங்கியது என்று சொல்வதற்கு வெட்கமில்லை.

பாட்டு முடிந்தது. தாளை எடுத்தேன். தட்டு எண், ஊசி, பாரம். வேகம்: எழுபத்தெட்டு. அடுத்த கட்டம் "பிட்ச்". எங்கள் தொழிலில் பிட்ச் என்பது சுழல்மேசையின் வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கிற திருகின் பெயர், நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு. ஆயிரம் தாளில் அந்தக் கட்டத்தை நிரப்பியிருப்பேன், பெரும்பாலும் பூச்சியம்தான். அன்று என் கை ஆறு வருடத்துப் பழக்கத்தில் பிட்ச் என்றால் சுருதி என்று எடுத்துக்கொண்டது. 5 என்று எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தேநீர் போட்டேன்.

எங்கள் நடைமுறைப்படி இரண்டு பிரதிகள் உண்டு. மூலப் பிரதியில் கை வைக்கக் கூடாது, தட்டு எப்படி ஓடியதோ அப்படியே நாடாவில் இருக்கும். வெளியே கொடுக்கிற பிரதியைத் திருத்தங்களோடு மூலத்திலிருந்து எடுப்போம். அந்தக் காலத்துத் தட்டுகள் சரியாக எழுபத்தெட்டில் வெட்டப்பட்டவை என்று நம்ப முடியாது, ஆகவே வேகத்தைத் திருத்துவது சாதாரணம். மறுநாள் ஹாலிஸ் வீங்கிய கன்னத்தோடு வந்தார், தாளைப் பார்த்தார், நாடாவை நூற்றுக்கு ஐந்து கூட்டி ஓடவிட்டு வெளிப்பிரதி எடுத்தார். "குட் அஸ் கோல்ட்" என்றார். நான் பக்கத்து மேசையில் ஒரு விவசாய மந்திரியின் பேச்சைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பிரதி வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குப் போய் சிடியாக வந்தது. அடுத்த வருடம் பாட்டனி டவுன்ஸில் மகளுக்குச் சப்பாத்து வாங்கப் போன இடத்தில், இசைக் கடையில் அந்தச் சிடியைக் கேட்டுப் பார்க்க வைத்திருந்தார்கள். பெருமையோடு ஹெட்போனை மாட்டினேன். மூன்று விநாடி போதுமாக இருந்தது. ஐந்தரைக் கட்டைக்குச் சற்றுக் கீழே, எந்தக் கட்டையிலும் நில்லாமல், வயது குறைந்த ஒரு மெல்லிய குரல் பதறிக்கொண்டு பாடியது. மகள் சப்பாத்துக் கடை வாசலில் நின்று கத்தும்வரை நான் அசையவில்லை. திங்கட்கிழமை தாளைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தில், அழகான பென்சிலில், 5.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம் ஒன்றும் ஆழமானதல்ல. அந்தச் சிடியைப் புகழ்ந்து வெளிநாட்டிலிருந்து வந்த கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் காப்பகத்தின் உள் நடைபாதையில் மாட்டியிருந்தார்கள். அந்தக் கடிதத்தின் புண்ணியத்தில்தான் என் தற்காலிக வேலை நிரந்தரமானது. நிரந்தர வேலையைக் காட்டித்தான் வங்கி வீடு வாங்க மோட்கேஜ் தந்தது. ஒபதியா இறந்து எத்தனையோ காலம், அவருக்கு என்ன நட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்தச் சிடியின் செல்வாக்குத் தொடங்கியது. எழுதுகிறவர்கள் எழுதினார்கள். இது காத்திருக்கிறவனின் குரல் அல்ல, துரத்தப்படுகிறவனின் குரல் என்றார்கள். வேட்டைநாய்கள் பின்னால் வருவது, அடிக் கம்பிகளில் தாளம் போடுகிற அந்தக் கட்டைவிரலில் கேட்கிறது என்றார் ஒருவர். ரயிலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே அவர் ஓடுகிறார், அந்த முரண்தான் ஒபதியாவின் மேதைமை என்றார் இன்னொருவர். உலகம் முழுவதும் கிட்டார்க்காரர்கள் அந்த வேகத்துக்கு ஓடினார்கள். கம்பிகளை முறுக்கி ஐந்தரைக்குக் கிட்டக் கொண்டுபோய் அறுத்துக்கொண்டார்கள். ஒபதியா மாதிரி வாசிக்கிறான் என்றால் அது பட்டம். எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. கூட்டத்தில் ஒருவன் காலை மிதித்துவிட்டு, மிதிபட்டவன் துள்ளுவதை ஊரே நடனம் என்று கைதட்ட, பேசாமல் நிற்பது போன்ற சிரிப்பு அது.

ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கையில் மலர்விழி வந்தாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். திருச்சிக்காரி, பாட்டனி டவுன்ஸில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் இரத்தம் எடுக்கிற வேலை. வலது கைக் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு தாண்டி ஒரு பட்டி கட்டியிருந்தாள்.

"சார், வெளிய பேரைப் பார்த்தேன். நீங்க தமிழா?"

"ஓம், யாழ்ப்பாணம். இருங்கோ பிள்ளை. என்ன விசயம்?"

"ஒபதியா. அந்தத் தட்டு இங்கதான இருக்கு?"

சின்ன வயதில் வீணை படித்தவளாம். இங்கே வந்த பிறகு யாரோ ஒபதியாவைக் கேட்கச் சொல்ல, கேட்ட அன்றே பழைய கிட்டார் ஒன்று வாங்கியிருக்கிறாள். பத்து வருடமாக வேலை விட்டு வந்து அந்த ஒரு பாட்டோடு மல்லுக்கட்டல். போத்தல் கழுத்தைப் பிடித்த இடது கை சரியாக வந்துவிட்டது. வீணை வாசித்தவளுக்கு அது பெரிய காரியமில்லை. வலது கைக் கட்டைவிரல்தான். அடிக் கம்பிகளில் ஓயாமல் தாளம் போட வேண்டும். அந்த வேகத்துக்குப் போனால் அரை நிமிடத்தில் நெருப்பு வைத்தது போல் எரியுமாம். ஒரு வருடமாக வேலையில் ஊசிக்குழாயைக்கூடச் சரியாக இழுக்க முடியவில்லை.

"டாக்டர் என்ன சொல்லுறார்?"

"வாசிக்கிறதை விட்டுட்டா தானா சரியாயிடும்கிறார். இல்லேன்னா ஆபரேஷன். வலி போயிடும், ஆனா விரல் முன்னாடி மாதிரி மடங்குமான்னு சொல்ல முடியாதாம். வர்ற வியாழக்கிழமை டேட் குடுத்திருக்காங்க."

"பிறகேன் ஒப்பரேசன்? விட்டிட்டு இருக்கலாமே."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு காப்பகத்தில் வேலை செய்கிறவன்தானா என்ற சந்தேகம் இருந்தது. "ஒரே ஒரு தடவை, சார், அவர் வாசிச்ச மாதிரி முழுசா வாசிச்சிடணும். அவரும் மனுஷன்தான? மர ஆலையில வேலை பார்த்த கை. அந்தக் கைக்கு முடிஞ்சது எனக்கு ஏன் முடியல? ஒருவேளை ரெண்டு பேர் வாசிச்சாங்களா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"ஒரு ஆள்தான்" என்றேன்.

"இன்னொன்னு, சார். சுருதி ஒரு மாதிரி இருக்கு. அஞ்சரைக் கட்டையும் இல்ல, அஞ்சும் இல்ல. நடுவுல எங்கயோ நிக்குது. ஒருத்தர் எதுக்கு அப்படிச் சேர்க்கணும்?"

அந்தக் கட்டிடத்தில் நான் வேலை செய்த காலம் முழுவதும் வேறொருவர் வாயிலிருந்து கட்டை என்ற சொல் வந்ததில்லை. தட்டை ஒரு தடவை போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டாள். முடியாது, அரிய தட்டு, விதிமுறை இடம் தராது என்றேன். அது உண்மையான விதிமுறைதான். மூல நாடா என் முதுகுக்குப் பின்னால் அலுமாரியின் மூன்றாம் அடுக்கில் இருந்தது, அதற்கு அந்த விதி கிடையாது. அவள் நன்றி சொல்லிவிட்டு, இடது கையால் கதவைத் திறந்துகொண்டு போனாள். நான் செய்த தொழிலில் மிகக் கேவலமான பத்து நிமிடம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலிஸைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்று பிளாக்ஹவுஸ் பேயில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் இருந்தார். அதே சாம்பல் நிறச் சட்டை. அவருக்கும் அந்தச் சிடியில் பெயர் இருக்கிறது, அவரைக் கேட்காமல் வாயைத் திறப்பது நியாயமில்லை என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாட்டு. உண்மையில், வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா என்று பார்க்கத்தான் போனேன்.

கட்டை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேநீரைக் குடித்தபடி கேட்டார். கடைசியில் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஐந்து கொஞ்சம் அதிகம் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது" என்றார்.

"ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

"நீ எழுதியிருந்தாய்." கோப்பையின் பிடியை நேராக்கினார். "பூச்சியத்திலும் போட்டுப் பார்த்தேன், ஐந்திலும் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பூச்சியம்தான் சரியாகக் கேட்டது. ஆனால் உன் காது என் காதைவிட நல்ல காது. எனக்குக் கேட்காதது எதையோ நீ கேட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். உன் காதைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை, சிவா."

ஒன்பது வருடம் நான் ஏங்கிய பாராட்டு அது. வந்த இடத்தைப் பாருங்கள். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, என் மேல் அதைவிடக் கூடுதலாக வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டு பேருடைய நல்ல பழக்கமும் சேர்ந்து ஒருத்தியின் விரலில் வந்து நிற்கிறது என்றேன்.

"எந்த நாள் அறுவை?"

"வியாழன்."

"அப்படியென்றால் நீ இங்கே தேநீர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது" என்றார். கதவுவரை வந்தவர், நடைபாதைக் கடிதத்தை என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, அது சுவரில் இருக்கிற ஓர் ஓட்டையை மறைக்கத்தான் அங்கே மாட்டப்பட்டது, அவசரமில்லை என்றார்.

திங்கட்கிழமை மலர்விழியைத் தொலைபேசியில் பிடித்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிட்டாரோடு வரச் சொன்னேன். வந்தாள். கதவைச் சாத்தினேன். மன்னிப்பை முதலில் கேட்பதா கடைசியில் கேட்பதா என்று இரவெல்லாம் யோசித்திருந்தேன். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தேன்.

"இது பிட்ச் எண்டு போட்டிருக்கு. வேகத்தைக் குறிக்கிற இடம். நான் எழுதினது 5. நான் எழுதினது கட்டை, பிள்ளை."

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உலகத்தில் வேறு யாருக்குச் சொல்லியிருந்தாலும் அரை மணித்தியாலம் எடுத்திருக்கும். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"அஞ்சு பர்சென்ட்டுன்னு ஏத்திட்டாங்களா?"

"ஓம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல ஒரு விநாடி இடமிருந்தது. "சிடி வந்த அடுத்த வருசம்" என்றேன்.

அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. "உங்க கட்டை என் கட்டைவிரலைப் பிடிச்சிடுச்சு, சார்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

மூல நாடாவை ஏற்றினேன். முதலில் அவள் நம்புவதற்காக ஒன்றைக் காட்டினேன். அந்த ஹோட்டல் அறையில் ஓடிய மின்சாரத்தின் ரீங்காரம் பாட்டின் அடியில் மெல்லியதாகப் பதிந்திருக்கிறது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு அறுபது தடவை அதிரும். சிடியை அளந்தால் அறுபத்துமூன்று காட்டியது. நாடா அறுபது காட்டியது. இப்போது ஹேலியிடம் உள்ள மென்பொருள் இதைக் கண் இமைக்கிற நேரத்தில் தானே கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறது. எங்கள் காலத்தில் அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்ற வேண்டும்.

பிறகு பாட்டைப் போட்டேன். கனத்த குரல் வந்தது. மலர்விழி கண்ணை மூடவில்லை, தலையாட்டவில்லை. கதவுக்கு வெளியே யாரோ நிற்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு எடுப்பது கேட்டது. சிடியில் அந்த மூச்சு ஒரு விக்கல் மாதிரி நசுங்கிப் போயிருந்தது. இங்கே அவர் மூச்சு எடுத்து, கொஞ்சம் தாமதித்து, ரயில் வருகிற பக்கம் பார்த்துவிட்டு அடுத்த வரியைத் தொடங்குகிற மாதிரி இருந்தது. அவர் எங்கேயும் ஓடவில்லை. காத்துக்கொண்டுதான் இருந்தார்.

முடிந்ததும் அவள் கைப்பட்டியைக் கழற்றினாள். கிட்டாரை மடியில் எடுத்து ஆணிகளைத் தளர்த்தி, கம்பிகளை ஐந்து கட்டைக்கு இறக்கினாள். கண்ணாடிக் கழுத்தைச் சின்ன விரலில் மாட்டினாள். "போடுங்க சார்" என்றாள்.

நாடாவோடு சேர்ந்து வாசித்தாள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை, மூன்று நிமிடமும், ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. எது அவர், எது அவள் என்று என் நல்ல காதுக்குப் பல இடத்தில் தெரியவில்லை. கட்டைவிரல் ஆறுதலாக, அவசரமில்லாமல் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது. கடைசிச் சுரம் வழுக்கி அடங்கியதும் நாடா வெறுமனே சுற்றியது. நான் நிறுத்தினேன்.

"வலிக்கல" என்றாள்.

தொலைபேசியை எடுத்து வைத்தியசாலைக்குக் கதைத்தாள். வியாழக்கிழமை வேண்டாம் என்றாள். அவர்கள் காரணம் கேட்டிருக்க வேண்டும், வேக அளவில் ஒரு தவறு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வைத்துவிட்டு அந்தத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"சார், இந்த வேகத்துல நான் முதல் வருஷமே வாசிச்சேன்" என்றாள். "இதே மாதிரி, முழுசா. எங்க வீட்டுக்காரர் அதை வீடியோ எடுத்தார். அப்ப எங்க அம்மா எங்களோட இருந்தாங்க, பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. முடிஞ்சதும் நல்லாயிருக்குடின்னு சொன்னாங்க, அதுவும் அதுல இருந்துச்சு. எதையும் நல்லாயிருக்குன்னு சொல்ற ஆள் இல்ல அவங்க. நான்தான், ஒபதியாவைவிட மெதுவா இருக்கு, இது தப்பு, அழிச்சிடுங்கன்னு சொன்னேன். அழிச்சிட்டார். அந்த வருஷமே அம்மாவும் போயிட்டாங்க."

மற்றவர்கள் தொலைத்த ஒலியை மீட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தேன். அவள் கிட்டாரை உறையில் வைத்து மூடும்வரை நான் கதிரையில் இருந்தபடியே இருந்தேன்.